கரையை விட்டுக் கண் எடுக்காதவர்

1802 தொடங்கியபோது ஆஸ்திரேலியத் தென்கரையின் நடுப்பகுதி வரைபடங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. கடல் உள்ளே புகுந்து அந்த நிலத்தை இரண்டாகப் பிளக்கிறதா என்பதுகூட ஐரோப்பியர்களுக்குத் தெரியாது. அதைக் கண்டறியும் பொறுப்பு 27 வயது பிரிட்டிஷ் மாலுமி மாத்யூ ஃப்ளிண்டர்ஸிடம் வந்தது. கப்பலின் பெயர் 'இன்வெஸ்டிகேட்டர்'.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கரையில் அலை மோதி நுரைப்பது கப்பல் தளத்திலிருந்தே தெரியும் அளவுக்கு நெருங்கிப் போவார். அப்போதுதான் ஆற்று முகத்துவாரம் எதுவும் கண்ணுக்குத் தப்பாது. பாறையில் மோதும் ஆபத்தும் அதே நெருக்கத்தில்தான் இருந்தது. இருட்டியதும் கடலுக்குள் விலகிவிடுவார். மறுநாள் காலை, முந்தைய மாலை விட்ட அதே இடத்துக்குத் திரும்பி வந்து தொடர்வார். பாய்மர உச்சியில் ஏறிக் கோணங்களை அளக்கும் வேலையைக்கூட அவர் பிறரிடம் விடவில்லை.

விலையும் கொடுத்தார்கள். அந்தப் பிப்ரவரியில் குடிநீர் தேடிப் போன படகு கவிழ்ந்து எட்டுப் பேர் மாண்டார்கள். அருகிலிருந்த தீவுகளுக்கு அவர்களின் பெயர்களையே ஃப்ளிண்டர்ஸ் சூட்டினார். மார்ச்சில் ஸ்பென்சர் வளைகுடா சேற்றுத் திட்டுகளில் போய் முடிந்தது. அந்த வழியே கண்டத்தைப் பிளக்கும் கடல் இல்லை என்பது உறுதியானது.

ஏப்ரல் 8 அன்று எதிரே ஒரு பிரெஞ்சுக் கப்பல். பீரங்கிகளைத் தயார்நிலையில் வைத்துக்கொண்டுதான் ஃப்ளிண்டர்ஸ் நெருங்கினார். வந்தவர் நிக்கோலா போதேன்; அவரும் கரை அளக்க வந்தவரே. இருவரும் அமர்ந்து பேசினார்கள். ஐரோப்பாவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி இருவரையும் எட்டவில்லை.

பின்னர் கண்டத்தைச் சுற்றிவரும் பயணத்துக்காகச் சிட்னியில் ஃப்ளிண்டர்ஸின் கப்பலேறிய பழங்குடி மனிதர் பங்காரியைப் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது அநியாயம். வழியில் சாண்டி முனையில் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, அறிமுகமில்லாத மக்களை நோக்கித் தனியாக நடந்தவர் அவர். மொழி புரியாவிட்டாலும் அன்று இரு தரப்பும் நட்போடு பிரிந்தன. அந்தக் கண்டத்தை முழுதாகச் சுற்றிவந்தவர்களில், அந்த மண்ணிலேயே பிறந்தவராக வரலாறு அறிந்த முதல் மனிதர் பங்காரிதான்.

1803இல் ஊர் திரும்பும் வழியில் மொரீஷியஸில் ஃப்ளிண்டர்ஸைப் பிரெஞ்சு ஆளுநர் டெகேன் பிடித்து வைத்தார். ஆறரை ஆண்டுகள்! அதற்குள் பிரான்சில் அச்சான வரைபடங்கள் அந்தத் தென்கரைக்கு 'நெப்போலியன் நிலம்' என்று பெயரிட்டுவிட்டன. ஃப்ளிண்டர்ஸின் நூலும் வரைபடங்களும் 1814 ஜூலை 18 அன்றுதான் வெளிவந்தன. மறுநாள் அவர் இறந்தார், வயது 40. ஸ்பென்சர் வளைகுடா, போர்ட் லிங்கன், கங்காரு தீவு என்று அவர் இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. நெப்போலியன் நிலம் எந்த வரைபடத்திலும் நிலைக்கவில்லை.