பத்திரம் யார் பெயரில்?

அமெரிக்காவின் பல ஊர்களில் ‘வரி செலுத்துவோர் சங்கம்’ என்ற பெயரில் குழுக்கள் இயங்குகின்றன. உள்ளூராட்சி புதிய வரி போட முனைந்தாலும், பள்ளிக்கூடம் கட்டவோ சாக்கடை போடவோ கடன் பத்திரம் வெளியிட முனைந்தாலும், அதற்கு எதிராக வாக்காளர்களைத் திரட்டுவது இவற்றின் வேலை. அங்கே பல மாநிலங்களில் இத்தகைய கடனுக்கு வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். கடனைப் பெரும்பாலும் சொத்துவரியிலிருந்துதான் அடைக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி வாக்குச்சீட்டில் வரும்போதெல்லாம் சங்கங்கள் சொல்வது ஒன்றுதான்: “நாங்கள் வரி கட்டுகிறவர்கள், எங்களைக் கேட்டுவிட்டுச் செலவு செய்யுங்கள்.”

இந்த ‘நாங்கள்’ யார்? பெண்களின் வரலாற்றின் வழியே பார்த்தால் இந்தக் கேள்விக்கு எளிய பதில் கிடைப்பதில்லை. ‘வரி கட்டுபவள்’ என்பது ஒரு காலத்தில் சில பெண்களுக்கு அரசியலுக்குள் நுழைய வழி தந்த பெயர். வேறு பலரை வெளியே நிறுத்தியதும் அதே பெயர்தான்.

1873இல் கனெக்டிகட் மாநிலத்தின் கிளாஸ்டன்பரி ஊரில் ஜூலியா ஸ்மித், அபி ஸ்மித் என்ற வயதான சகோதரிகள் இருவர் இருந்தார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள். குடும்ப நிலத்தின் சொந்தக்காரர்கள். அந்த ஆண்டு ஊராட்சி அவர்களுடைய சொத்தின் மதிப்பையும், இரண்டு விதவைகளுடைய சொத்தின் மதிப்பையும் உயர்த்தியது. ஆண்கள் ஒருவருடைய மதிப்பும் உயரவில்லை. தங்களுக்கு வாக்கில்லாத ஊருக்கு வரி கட்டமாட்டோம் என்று சகோதரிகள் மறுத்தார்கள். 1874 ஜனவரியில் வரி வசூலிப்பவர் வந்து அவர்களுடைய ஏழு பசுக்களை ஓட்டிச் சென்றார். ஊர்க்கூட்டத்தில் பேச அனுமதி மறுக்கப்பட்டபோது, அபி வெளியே நின்ற வண்டியின் மேல் ஏறிப் பேசினார். அப்போது அவருக்கு வயது 76. பிறகு அவர்களுடைய நிலத்தையும் ஏலம் விட்டார்கள். சகோதரிகள் வழக்காடி அதை மீட்டார்கள். பின்னாளில் பிறந்த இரண்டு கன்றுகளுக்கு ‘டாக்ஸி’, ‘வோட்டி’ என்று பெயர் வைத்தார்கள். வரி ஒன்று, வாக்கு ஒன்று.

வரியே கூடாது என்பது ஸ்மித் சகோதரிகளின் வாதமல்ல. வரி வாங்குகிறாய் என்றால் என் பேச்சையும் கேள் என்பதுதான். ஆனால் அந்த வாதத்தைச் சொல்ல ஒரு பெண்ணின் பெயரில் நிலம் இருக்க வேண்டியிருந்தது. கூலிக்குத் துணி துவைத்தவளுக்கும் நெசவு ஆலையில் நின்றவளுக்கும் அது உதவவில்லை. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதைக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரம் காட்டியது.

நியூ ஆர்லியன்ஸ் தாழ்வான நிலத்தில் உள்ள நகரம். முறையான கழிவுநீர்க் குழாய் இல்லை; மழைநீர் வடிவதில்லை; மஞ்சள் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. 1898இல் லூசியானா மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம், வரி கட்டும் பெண்களுக்கு ஒரு சிறிய உரிமையைத் தந்தது. வரி கட்டுவோரின் ஒப்புதலுக்கு விடப்படும் கேள்விகளில் மட்டும் அவர்கள் வாக்களிக்கலாம். அடுத்த ஆண்டே, கழிவுநீர், குடிநீர், வடிகால் திட்டத்துக்கான கடனுக்காக ஒரு சிறப்புச் சொத்துவரி வாக்கெடுப்புக்கு வந்தது. கேட் கார்டன் தலைமையில் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். வாக்குச்சாவடிக்கு வரத் தயங்கிய பெண்கள் தங்கள் சார்பில் வாக்களிக்க வேறொருவருக்கு எழுத்தில் அதிகாரம் தரலாம் என்று சட்டம் அனுமதித்தது, அவற்றையும் சேகரித்தார்கள். வரி நிறைவேறியது.

இன்றைய சங்கங்களை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே வரி கட்டுபவர்களாக வாக்குப் பெற்ற பெண்கள், அதைக் கொண்டு முதலில் செய்தது தங்கள் மேல் ஒரு வரியைப் போட்டுக்கொண்டதுதான். சாக்கடை இல்லாத வீட்டில் தண்ணீர் சுமப்பதும், காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி காய்ச்சுவதும், மலஜலம் அள்ளுவதும் யாருடைய வேலை என்பது பெண்களுக்குத் தெரியும். அரசு செய்யாத வேலை மறைந்துபோவதில்லை. அது வீட்டுக்குள் வந்து, கூலியில்லாமல் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது.

ஆனால் இந்த வெற்றியை மட்டும் எடுத்துச் சொல்லிக் கடந்துவிட முடியாது. சொத்துள்ள பெண்களுக்கு வாக்குத் தந்த அதே 1898 அரசியல் சட்டம்தான், எழுத்தறிவு, சொத்து, பாட்டனாரின் வாக்குரிமை என்று நிபந்தனைகள் போட்டுக் கறுப்பின ஆண்களிடமிருந்து வாக்கைப் பறித்தது. லூசியானாவில் 1896இல் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்கள் சுமார் 1,30,000 பேர். 1900இல் சுமார் 5,300 பேர். கேட் கார்டன் வெள்ளையர் ஆதிக்கத்தை வெளிப்படையாக ஆதரித்தவர். எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை தரும் கூட்டாட்சித் திருத்தம் வந்தபோது, கறுப்பினப் பெண்களுக்கும் அதனால் வழி திறக்கும் என்று அதை எதிர்த்து நின்றார். ‘வரி கட்டுபவர்’ என்ற பெயரால் உரிமை கேட்கும்போது, அந்தப் பெயர் யாரை வெளியே விடுகிறது என்பதும் சேர்ந்தே வருகிறது.

1920இல் வாக்குரிமைத் திருத்தம் வந்த பிறகும் கடன் பத்திர வாக்கெடுப்புகளில் இந்தத் தடை பல மாநிலங்களில் நீடித்தது. சொத்துவரி கட்டாதவருக்கு அங்கே வாக்கில்லை. அதே லூசியானாவின் ஹூமா நகரில் பதிவுபெற்ற வாக்காளர்களில் சுமார் 40 விழுக்காட்டினரே சொத்துவரி கட்டுபவர்கள். நகர மின்சார, குடிநீர், எரிவாயு அமைப்புகளுக்கான கடனை அவர்கள் மட்டுமே தீர்மானித்தார்கள். 1969இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. அடுத்த ஆண்டு அரிசோனாவின் பீனிக்ஸ் நகர வழக்கு வந்தது. கழிவுநீர், பூங்கா, நூலகம் ஆகியவற்றுக்கான கடன் பத்திர வாக்கெடுப்பில் சொந்த வீடில்லாதவருக்கு இடமில்லை என்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் சொத்தில்லாத ஒரு பெண். வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையிலும், கடைக்காரர் கட்டும் வரி பொருளின் விலையிலும் சேர்ந்தே வருகிறது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ரசீது யார் பெயரில் இருந்தாலும் வரியின் சுமை அந்தப் பெயரோடு நின்றுவிடுவதில்லை என்று சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது.

எட்டு ஆண்டுகளுக்குள் கலிபோர்னியாவில் காற்று மாறியது. எழுபதுகளின் விலையேற்றத்தில் வீடுகளின் மதிப்பு ஏறியது. வரியும் கூடவே ஏறியது. ஊர்தோறும் வீட்டுச் சொந்தக்காரர்களின் வரி எதிர்ப்புக் குழுக்கள் எழுந்தன. ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் கையெழுத்துத் திரட்டி 13ஆம் முன்மொழிவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். வரி கட்ட முடியாமல் வீட்டை இழக்கப்போகும் மூதாட்டியே அந்தப் பிரச்சாரத்தின் முகம். அந்தத் துயரம் பொய்யல்ல. ஓய்வூதியத்தில் வாழ்ந்த விதவைகள் வரி ரசீதைக் கண்டு அஞ்சியது உண்மைதான். ஆனால் அவளைக் காட்டிக் கேட்கப்பட்ட சலுகை, அவளுக்கு மட்டுமானதாக இல்லை. அலுவலகக் கட்டடம், தொழிற்சாலை, அடுக்குமாடி வாடகைக் குடியிருப்பு என எல்லாச் சொத்துக்கும் அதே வரம்பு. ஜார்விஸ் அப்போது லாஸ் ஏஞ்சல்ஸின் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தில் சம்பளம் பெற்ற இயக்குநர்.

1978 ஜூன் 6 அன்று அது சுமார் 65 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. சொத்துவரி, மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. அந்த மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப வேண்டும். சொத்து கைமாறும் வரை ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிகளுக்கு வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். கடன் பத்திரங்களுக்கு அந்த நிபந்தனை 1879 முதலே இருந்தது. இதன் பொருள், வேண்டாம் என்பவரின் ஒரு வாக்குக்கு வேண்டும் என்பவரின் இரண்டு வாக்குகள் ஈடாக வேண்டும் என்பது. 13ஆம் முன்மொழிவே அந்த மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. பீனிக்ஸ் வழக்கில் வாக்கு வென்ற வாடகைதாரர்கள் உள்ளே வந்தபோது, வாக்கின் எடை அவர்களுக்கு எதிராக இருந்தது.

சொத்துவரி வருவாய் பாதிக்கும் மேல் விழுந்தது. நூலகங்கள் திறந்திருக்கும் நேரம் சுருங்கியது. பள்ளிகளின் கோடை வகுப்புகள் நின்றன. நூலகங்களிலும் தொடக்கப் பள்ளிகளிலும் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கோடை வகுப்பு இல்லாத பிள்ளையைப் பகல் முழுதும் பார்த்துக்கொண்டவர்களும் பெரும்பாலும் பெண்களே. வரி குறைந்தால் வாடகை குறையும் என்ற பேச்சும் நடக்கவில்லை. ஏமாந்த வாடகைதாரர்கள் திரண்டார்கள். 1979 ஏப்ரலில் சான்டா மோனிகா வாக்காளர்கள் வாடகைக் கட்டுப்பாட்டைச் சட்டமாக்கினார்கள்.

வாடகை வீட்டில் இருந்த ஸ்டெபனி நோர்ட்லிங்கர் 1988இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சிறிய வீடு வாங்கினார். அதே குடியிருப்புப் பகுதியில் 1975 முதல் இருந்த சிலரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி அவருக்கு வந்தது. மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டைப் பழைய காலம் முதல் வைத்திருப்பவர் கட்டுவதும் கிட்டத்தட்ட அவருடைய தொகைதான். 1992இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளியது. அதற்கு முன்பே, 1986இல், பெற்றோரின் வீட்டைப் பெறும் பிள்ளைகள் பழைய வரியையே தொடரலாம் என்றும் கலிபோர்னியா விதி செய்திருந்தது. ‘வரி கட்டுபவர்’ என்ற பட்டம் இப்படிப் பரம்பரைச் சொத்தாகவும் ஆனது.

வரிக் கணக்கைக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஸ்மித் சகோதரிகள் கேட்டதும் அதைத்தான். ஆனால் வரி கட்டுவோரின் பெயரால் ஒரு சங்கம் பேசும்போது வேறு சிலவற்றையும் நாம் கேட்க வேண்டும். வாடகையிலும் விலையிலும் வரி கட்டுகிறவள் அந்தச் சங்கத்தில் இருக்கிறாளா? மூதாட்டியின் படத்தைக் காட்டிப் பெற்ற சலுகை யாருடைய கட்டடத்துக்குப் போகிறது? கடன் பத்திரம் தோற்ற மறுநாள், கட்டப்படாத சாக்கடையின் வேலையைச் செய்யப்போவது யார்? வீட்டுப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்காது. அந்த வேலைக்கு ரசீதும் கிடையாது.