எண் முகவரி யாருக்குச் சொந்தம்?

இணையத்தில் தகவல் உரிய இடத்தைச் சென்றடைய எண் முகவரி தேவை. 'ஐபி முகவரி' எனப்படும் இந்த எண்களை உலகெங்கும் ஐந்து மண்டலப் பதிவகங்கள் வழங்கிவருகின்றன. இவை அரசுத் துறைகள் அல்ல; லாப நோக்கமற்ற உறுப்பினர் அமைப்புகள். இவற்றின் அதிகாரம் பெரிதும் உறுப்பினர்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலிருந்தே பிறக்கிறது.

பெரும்பாலோர் இன்னமும் சார்ந்திருக்கும் நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதே ஆண்டு, திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்கு 11 டாலருக்கும் சற்று அதிகம்.

பதிவகத்துக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணமோ முகவரியின் விலை அன்று. பதிவேட்டைப் பராமரிக்கும் செலவுக்கானது. வட அமெரிக்கப் பதிவகத்தின் அட்டவணையில், கையிருப்பு நான்கு மடங்கானால் கட்டணம் பொதுவாக இரு மடங்காகவே உயர்கிறது. செலவுக் கணக்கின்படி இது நியாயமே. ஆனால், அதிகம் வைத்திருப்பவருக்கு முகவரி ஒன்றுக்கான சுமை குறைகிறது. பயன்படாத எண்களைத் திருப்பித் தரவேண்டிய நெருக்கடியும் எழுவதில்லை.

இந்த எண்கள் சொத்து அல்ல என்பதே பதிவகங்களின் நிலைப்பாடு. பட்டா இருப்பதாலேயே நிலம் சொந்தமாகிவிடாது என்று நம் நீதிமன்றங்கள் சொல்வதில்லையா, ஏறத்தாழ அதுபோலத்தான். ஆனால், கட்டணத்துக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி விரிய விரிய, குறைந்த வாடகை வீட்டை உள்வாடகைக்கு விடும் ஆசையும் வளரும். அப்போது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு சொல்லும் சோதனைக்கு உள்ளாகும்.

ஆப்பிரிக்காவில் நடந்தது அதுதான். சுமார் 62 லட்சம் முகவரிகளைப் பெற்றிருந்த கிளவுட் இன்னொவேஷன் நிறுவனம், விண்ணப்பத்தில் கூறிய தேவைக்கு மாறாக அவற்றைப் பயன்படுத்துவதாக அம்மண்டலப் பதிவகமான ஆஃப்ரினிக் 2021-இல் குற்றஞ்சாட்டி, உறுப்புரிமையை ரத்து செய்ய முனைந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பயன்படுத்த ஒப்பந்தத்தில் தடையில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு மோரீஷஸ் நீதிமன்றம் சென்றது. அந்த ஜூலையில் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டன. தொடர் வழக்குகளால் இயக்குநர் குழு செயலிழக்க, 2023-இல் நீதிமன்றம் நிர்வாகப் பொறுப்பாளரை நியமித்தது. ஒரு கண்டத்துக்கே முகவரி வழங்கும் அமைப்புக்குப் புதிய இயக்குநர் குழு தேர்வானது 2025-இல்தான்.