ஓடுகிறவனைச் சுடலாமா?

1974 அக்டோபர் 3, இரவு பத்தே முக்கால் மணி. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரம். பக்கத்து வீட்டில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதாக ஒரு பெண் சொல்ல, எல்டன் ஹைமன் என்ற போலீஸ்காரர் அந்த வீட்டின் பின்பக்கம் போனார். கொல்லையில் ஓடிய ஒருவன் ஆறடி உயரக் கம்பி வேலி ஓரமாக நின்றான். டார்ச் வெளிச்சத்தில் முகமும் கைகளும் தெரிந்தன. ஆயுதம் எதுவும் தெரியவில்லை. "போலீஸ், நில்" என்று சொன்னதும் அவன் வேலியில் ஏறத் தொடங்கினான். தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது என்று நினைத்த ஹைமன் சுட்டார். குண்டு பின்மண்டையில் பாய்ந்தது.

இறந்தவன் எட்வர்ட் கார்னர் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுவன். அந்த வீட்டிலிருந்து அவன் எடுத்தது ஒரு பர்ஸும் பத்து டாலரும்!

அவனிடம் ஆயுதம் இல்லை என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்துதான் சுட்டதாக ஹைமனே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் மீது நடவடிக்கை இல்லை. ஏனென்றால் அன்றைய டென்னசி சட்டப்படி, கைது செய்யப்போவதாகச் சொன்ன பிறகும் ஒருவன் ஓடினால் அவனைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் கையாளலாம்.

இந்த விதியின் வேர் பழைய இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே பெருங்குற்றம் என்று பெயர் பெற்ற ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தண்டனை மரணம்தான். தப்பி ஓடுகிறவனைக் கொன்றாலும், நாளைக்குத் தூக்குமேடையில் நடக்கப்போவது இன்றைக்கே நடந்தது, அவ்வளவுதான் என்று அக்காலத்தவர் நினைத்தார்கள். அன்று போலீஸ்காரர் இடுப்பில் கைத்துப்பாக்கியும் கிடையாது. கைகலப்பில்தான் ஒருவனைக் கொல்ல முடியும், அதாவது கொல்கிறவருக்கும் ஆபத்து உண்டு. பிறகு தண்டனைகள் குறைந்தன, துப்பாக்கி வந்தது. விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. மரண தண்டனையோ ஆயுள் முழுக்க நாடு கடத்தலோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரைக் கைது செய்யும்போது கொல்லும் உரிமையை அதன் 46ஆவது பிரிவு தரவில்லை. 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரவில் வீடு புகுந்து திருடினால் அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. ஆக, கார்னரைக் கைது செய்வதற்காகச் சுட்டேன் என்ற வாதம் இங்கே செல்லாது. (ஏட்டில் இருப்பதும் நடப்பதும் ஒன்றல்ல என்பது வேறு கதை.)

கார்னரின் தந்தை விடவில்லை. நீண்ட காலம் நடந்த வழக்கில் 1985 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒருவரைச் சுட்டுக் கொல்வதும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் சொல்லும் 'பிடித்தல்'தான், அதனால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்றார் நீதிபதி பைரன் வைட். ஓடுகிறவனால் போலீசுக்கோ மற்றவர்களுக்கோ உயிராபத்து அல்லது பெருங்காயம் நேரும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே சுடலாம்.

எதிர்த்து எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். வீடு புகுந்து திருடுவது சாதாரணக் குற்றமல்ல, வீடுகளில் நடக்கும் பாலியல் வன்முறைகளில் ஐந்தில் மூன்று பங்கு இப்படிப் புகுந்தவர்கள் செய்வது என்றார். அது தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் அதே புள்ளிவிவரத்தைத் திருப்பிப் பார்த்தால், வீடு புகுந்த சம்பவங்களில் வன்முறை நடந்தது 3.8 சதவீதத்தில்தான். அந்தக் கொஞ்சப் பேருக்காக எல்லோரையும் சுடலாமா?

1989இல் கிரஹாம் வழக்கு இன்னொன்றைச் சேர்த்தது: சம்பவ இடத்தில் நின்ற போலீஸ்காரரின் கண்ணால்தான் பார்க்க வேண்டும், பிறகு யோசித்து அல்ல. போலீசுக்கு இது பெரிய கவசமானது. சில நீதிமன்றங்கள் சுட்ட அந்த ஓரிரு நொடிகளை மட்டுமே பார்க்க ஆரம்பித்தன. ஹூஸ்டனில் 2016இல், கட்டாத சுங்கக் கட்டணத்துக்காக நிறுத்தப்பட்ட கார் ஒன்று நகர, போலீஸ்காரர் அதன் மேல் தாவி ஏறி ஓட்டுநரைச் சுட்டார். முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆபத்தை அந்தப் போலீஸ்காரரே உண்டாக்கிக்கொண்டார் என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லவில்லை.