வெளுக்கும் பவளப்பாறைகள், வீடிழக்கும் மீன்கள்



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதிகளில் வாழும் நமக்குக் கடல் என்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் கடையோடு நின்றுவிடுகிறது. ஆனால் நம் ஆலைகளும் வாகனங்களும் கக்கும் புகை கடலோடு தொடர்புடையது. மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல்தான் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் பவளப்பாறை மீன்களுக்கு என்ன நேர்கிறது என்று இன்று சிந்திப்போம்.

மன்னார் வளைகுடா

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. மீனவர்கள் இவற்றைப் 'பார்' என்பார்கள். 1986ஆம் ஆண்டு இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 117 வகைப் பவளங்கள் இங்கே பதிவாகியுள்ளன. களவா, ஓரா, கிளி மீன் போன்றவை இப்பாறைகளில் இரை தேடி, ஒளிந்து, குஞ்சுகளாக வளர்கின்றன. உலகக் கடற்பரப்பில் பவளப்பாறைகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே. ஆயினும் கடல்மீன் இனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அவற்றைச் சார்ந்துள்ளது.

வெப்பம் செய்வது

பவளம் என்பது சிறு உயிரி. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியே அதற்கு உணவும் நிறமும் தருகிறது. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. வெப்பம் தணியாவிட்டால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பெருமளவில் நேர்ந்தது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப்பரப்பு ஏறக்குறைய 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் பதிவு செய்தது.

பவளத்தையே தின்னும் பட்டாம்பூச்சி மீன்கள்தாம் முதலில் குறைகின்றன. பாசி மேயும் மீன்கள் சிறிது காலம் பெருகவும் கூடும். ஆனால் செத்த பாறை சில ஆண்டுகளில் நொறுங்கியதும், ஒளிய இடமின்றி எல்லா மீன்களும் குறைகின்றன. மேலும், வெந்நீரில் பிராணவாயு குறைவு. மீனின் உடலுக்கோ அப்போதுதான் அது அதிகம் தேவைப்படுகிறது.

அமிலத்தன்மை செய்வது

நீரில் கரையும் கரியமில வாயு கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல்நீரின் பி.எச். அளவு இன்று சுமார் 8.1. கடல் இன்னும் காரத்தன்மை உடையதே. ஆனால் இச்சிறு மாற்றமே அமிலத்தன்மை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியதற்குச் சமம். இதனால் பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவது கடினமாகிறது. வெப்பம் இடித்த வீட்டை மீண்டும் கட்டவிடாமல் அமிலம் தடுக்கிறது.

அமிலம் மிகுந்த நீரில் கோமாளி மீன் குஞ்சுகள் மோப்பம் தடுமாறுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் கூறினர். 2020இல் வேறொரு குழு பல இனப் பாறை மீன்களைச் சோதித்து, நடத்தையில் அத்தகைய பெரிய மாற்றம் காணவில்லை என்றது. ஆகவே மீனின் மோப்பம் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். வீடு பறிபோவதில் ஐயமில்லை.

நம் பங்கு

சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியெடுத்த காலம் ஒன்று இருந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று தூத்துக்குடி அருகே வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இடப்பட்டு, மீன்கள் அங்கே அடைகின்றன. இவை காலத்தைச் சற்று நீட்டித் தரும், வெப்பத்தை நிறுத்தா. உலகம் 1.5 டிகிரி சூடானால் வெப்பமண்டலப் பவளங்களில் 70 முதல் 90 விழுக்காடு வரை அழியும் என்றும், 2 டிகிரி ஆனால் ஏறக்குறைய எல்லாமே அழியும் என்றும் பன்னாட்டு அறிவியல் குழு 2018இல் எச்சரித்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும் பவளப்பாறைகளின் அழிவைக் குறிப்பிடுகிறது. பாரில் மீன் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது கரையோரச் சிறு மீனவரின் குடும்பம். அவர் அதிகம் புகை விட்டவர் அல்லர். நாம் வீணாக்கும் மின்சாரத்திலும், பேருந்தோ இரயிலோ இருக்கத் தனியே ஓட்டும் வண்டியிலும் அவர் வீட்டு உலை அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம்.