கால்வாய் என்னும் கழி

பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு சொல்லை யோசிக்காமலே பயன்படுத்திவிடுகிறார்கள்: செயற்கை. மனிதன் வெட்டியது, ஆகவே இயற்கை அல்ல. இயற்கை அல்ல, ஆகவே அதில் காப்பாற்ற ஒன்றுமில்லை. இந்தத் தர்க்கத்தின் இரண்டு படிகளும் தவறு என்பது என் கட்சி. இதைச் சூழலியலைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. கால்வாயின் சரித்திரத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும்.

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட முதல் பகுதி, அதை வெட்டிய பேசில் காக்ரேனின் பெயரால் வழங்கிற்று. பிறகு அது பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் விஸ்தரித்தது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம்வரை இன்று ஏறக்குறைய 420 கிலோமீட்டர். தமிழ்நாட்டுப் பங்கு 163. வரைபடத்தில் அதன் போக்கைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். வெட்டியவர்கள் புதிதாக ஒரு நீரைச் சிருஷ்டிக்கவில்லை. கடலுக்கு இணையாக, மணல்மேட்டுக்குப் பின்னால், ஏற்கெனவே கிடந்த உவர்நீர்த் தேக்கங்களைத்தான் ஒன்றோடொன்று கோத்தார்கள். நெய்தல் பாடிய சங்கப் புலவர்களுக்கு அந்த நீருக்குப் பெயர் தெரிந்திருந்தது: கழி. ஆகவே இது பாதி வெட்டு, பாதி கழி. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நீருக்குத் தெரியாது; மீனுக்கும் தெரியாது.

முழுக்க முழுக்க வெட்டு என்று சொல்லத் தகுந்தது சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர். அது 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. 1877இன் தொடக்கத்தில் அந்தப் பஞ்சத்தின் நிவாரணப் பணிகளில் ரிச்சர்ட் டெம்பிள் விதித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்தில் ஒரு மனிதன் நாள் முழுவதும் மண் சுமக்க முடியுமா என்ற சர்ச்சை அப்போதே நடந்தது. எலும்பும் தோலுமான ஜனங்கள் தோண்டினார்கள்; 1878இல் கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் யாருக்குப் போகிறது, உழைப்பு யாரிடமிருந்து வருகிறது என்பதை இந்த ஒரு கால்வாயை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த நீர்வழியில் உப்பு வந்தது, நெல் வந்தது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்னையின் அடுப்புகளுக்கு விறகு வந்தது. கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்த மனிதர்களால் படகுகள் நகர்ந்தன. பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இந்தக் கால்வாய்ப் பயணத்தைத்தான் பாடுகிறது; கயிறு இழுத்தவர்களின் பாடு அதில் பதிவாகியிருக்கிறது.

கணக்குப் புத்தகத்தில் ஏறாத சரக்கும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தது. இறால் கடலில் பொரிக்கிறது. குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் ஏறி வளர்கின்றன. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் மணல் மூடித் திறக்கும் இந்தக் கரையில், கழிகளைக் கோத்த கால்வாய் அந்த உயிர்களுக்கும் பாதையாயிற்று. யாரும் உத்தேசித்ததல்ல. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பல இடங்களில் அலையின் நீரை வாங்கித் தாங்கிக்கொண்டதும் இந்தக் கால்வாய்தான். அதையும் யாரும் உத்தேசிக்கவில்லை.

1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுகள் அருகின. படகு நின்றதும் நகரத்தின் கண்ணுக்குக் கால்வாய் வெறும் சாக்கடையாகிவிட்டது. பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடியபோது, மயிலாப்பூர்வரை கால்வாயின் நீரிலேயே நட்டார்கள். 1995இலும் 1997இலும் அந்தப் பகுதிகள் திறக்கப்பட்டன. ஆற்றுக்கு நடுவே இவ்வளவு நீளத்துக்கு வரிசையாகத் தூண் நடச் சற்றுத் தயங்கியிருப்பார்கள். ‘செயற்கை’ என்ற சொல் இந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தது என்றே நினைக்கிறேன்.

இனி இன்றைய பாதுகாப்பு முறைக்கு வருகிறேன். பூநாரைகள் வரும் பழவேற்காடு சரணாலயம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2024இல். இவை நல்ல காரியங்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவை மூன்றும் தேங்கிய நீர். தேங்கிய நீருக்கு எல்லை போடலாம், பலகை நடலாம், பரப்பளவை ஹெக்டேரில் சொல்லலாம். இவற்றுக்கு இடையே நகரும் நீருக்கு அந்தப் பரிவு இல்லை. பள்ளிக்கரணையின் மிகைநீர் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் விழுந்துதான் கோவளம் கழிக்குப் போகிறது. சதுப்பைச் சரணாலயமாகவும் அதன் வடிகாலைச் சாக்கடையாகவும் வைத்துக்கொள்வது, நுரையீரலைக் காப்பாற்றிவிட்டு மூச்சுக்குழாயை நெரிப்பது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலிப் பக்கத்து எண்ணெய்க் கழிவு இந்தக் கால்வாயில் இறங்கிக் கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மீனவர்களின் வலையிலும் படகிலும் படிந்தது. கூழைக்கடாக்களின் இறகிலும் படிந்தது. கால்வாய் செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது அளித்த பதில் இதுதான்: நான் இன்னும் சுமக்கிறேன். உப்பையும் விறகையும் இறால் குஞ்சையும் சுமந்த அதே ஒழுங்கோடு எண்ணெயையும் சுமந்தது.

கழிகளைக் கோத்தது நன்மையா தீமையா என்று இப்போது விவாதித்துப் பயனில்லை. கோத்தாகிவிட்டது. இருநூறு வருஷமாக இவை ஒரே நீர். ஓரிடத்தில் விழும் விஷம் எல்லா இடத்துக்கும் உரியது. 2008இல் இதைத் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவித்தார்கள். மறுபடியும் படகைப் பற்றிய நினைப்பு. படகு வரட்டும், ஆட்சேபம் இல்லை. ஆனால் நீர்வழி என்று எழுதுகிற கை அதில் இன்றும் பயணம் போகிறவை எவை என்பதையும் எழுத வேண்டும். பசித்த ஜனங்கள் தோண்டிய மண்ணில் உயிர்கள் தாமாகக் குடியேறின. அந்த இரண்டு சரித்திரங்களையும் ஒன்றாக வாசிக்காதவரை நமக்கு அது சாக்கடையாகத்தான் தெரியும்.