ஏற மூச்சு, இறங்க முழங்கால்

பஸ் ஏறிக் கொடைக்கானல் போய் வந்து பழகிய நமக்கு, ஒரு காலத்தில் மனிதர்களின் கால்தான் இந்த மலைக்கு வாகனம் என்பது மறந்தே போய்விட்டது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மேஜர் லாவின் பெயர் பெற்ற மலைச் சாலை 1914வாக்கில்தான் முடிந்தது. இடையில் ஏறக்குறைய 70 வருஷம் எல்லாம் நடைதான்.

1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அங்கிருந்து பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் சுமார் 12 மைல் மலைப்பாதை, 6,000 அடி ஏற்றம். துரைமார்கள் குதிரையிலோ, கழி கட்டிய நாற்காலியிலோ போனார்கள். நாற்காலியையும் மூட்டை முடிச்சையும் சுமந்தவர்கள் நம் ஆட்கள். அந்தப் பயணத்தை எழுதி வைத்தவர்கள் எல்லாம் உட்கார்ந்து போனவர்கள். சுமந்தவரின் முழங்கால் என்ன சொன்னது என்று எழுத ஆளில்லை.

இதை நான் நினைக்கக் காரணம் உண்டு. இப்போது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஓடுகிறவர்களில் நம் வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் உற்சாகத்தில் சரிவிலும் ஓடி இறங்குகிறார்கள். மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடிவதில்லை.

ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். காலைப் பதம் பார்ப்பது இறக்கம். கிணற்றுக்குள் கனமான வாளியை இறக்கும்போது கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுவோமே, அதே வேலையைத்தான் இறக்கத்தில் முன்தொடைத் தசை செய்கிறது. நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குவதால் தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி அன்றே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். எட்டி வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சில்லுக்கும் அழுத்தம் கூடும்.

இதில் ஓர் அதிசயமும் உண்டு. ஒரு முறை கொஞ்ச தூரம் இறங்கிப் பழகிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அவ்வளவு நோகாது. சுமைக்காரர்கள் தினம் செய்ததை, வருஷத்துக்கு ஒரு நாள் செய்பவர் செய்தால் படுக்கைதான். ஆகவே தூரத்தையும் சரிவையும் வாரவாரம் சிறிதுசிறிதாகக் கூட்ட வேண்டும். இறக்கத்தில் குட்டி அடி வைக்க வேண்டும். நடுநடுவே நிற்பதில் வெட்கம் வேண்டாம். பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டதே அதற்குத்தானே!

இரண்டு தொடையும் சமமாக வலித்து நாலைந்து நாளில் தணிந்தால் பயமில்லை. ஒரே காலில், எலும்பின் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தாலோ, வீங்கினாலோ, நொண்ட வைத்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடக் கூடாது.

செருப்பில்லாமல் ஓடுவதே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். வெறுங்காலில் ஓடியே வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுவதால் அதிர்ச்சி குறைகிறது என்று ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் காட்டியது உண்மை. ஆனால் அது சிறுவயது முதல் பழகிய கால். அறுபது வயதுக்கு மேல் திடீரென்று ஷூவைக் கழற்றினால் அந்தப் பாரம் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நரம்புக்கும் போகும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் புண்ணாவதும் தெரியாது. கிளம்பும் முன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். வழியில் இரவு தங்கும் இடத்தில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலுறையும் செருப்பும் போட்டு நடந்தால் முருகன் கோபிக்க மாட்டான்.