வெண்பனியின் ஆழம் அளந்த வரலாறு

மலைமுடிகளிற் படியும் வெண்பனி வேனிலில் உருகி ஆறாகப் பெருகுகின்றது. ஆகவே, மாரியிற் சேர்ந்த பனியின் அளவை அறிந்தோரே வேனிலில் வரும் நீரின் அளவை முன்கூட்டி உரைக்க வல்லவராவர். உழவும் வெள்ளக்காப்பும் மின்னாக்கமும் இவ்வறிவை வேண்டி நிற்கின்றன.

இவ்வளவையை ஒரு துறையாக வளர்த்த முன்னோடி, நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் முதலிய தொன்மொழிகளைக் கற்பித்த யேம்ஸ் எட்வேட் சேர்ச் என்பவராவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் றோஸ் மலைமீதேறி, பல்விளிம்புடைய உலோகக் குழாயைப் பனியிற் செலுத்தி, அகப்பட்ட பனியை நிறுத்து, அதில் அடங்கிய நீரைக் கணித்தார். முறை செம்மையானதே, எனினும் மனிதன் கால் பதித்த இடத்துக்கு அப்பால் அது செல்லாது. சைபீரியப் பெருவெளியை யார் நடந்தளப்பது?

1978ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஏவப்பட்ட நிம்பஸ் 7 என்னும் செய்மதி இதற்கு வழி திறந்தது. நிலம் இயல்பாகவே நுண்ணலைகளை வெளிவிடுகின்றது. மேலே கிடக்கும் பனிமணிகள் அவற்றைச் சிதறச் செய்கின்றன. 37 கிகாஹேட்ஸ் மீடிறனுடைய அலை பெரிதும் சிதறும். 18 கிகாஹேட்ஸ் அலை சிறிதே சிதறும். எனவே பனி ஆழமாக ஆழமாக, செய்மதி காணும் இரு ஒளிர்வு வெப்பநிலைகளின் வேறுபாடும் மிகும். 1987இல் சாங், பொஸ்டர், ஹோல் ஆகியோர் அவ்வேறுபாட்டைக் கெல்வினிற் கொண்டு 1.59ஆற் பெருக்கினால் ஆழம் சதமமீற்றரிற் கிடைக்கும் என்றனர். வேறுபாடு 20 ஆயின் ஆழம் ஏறத்தாழ 32 சதமமீற்றராம்.

இவ்வெண் பனிமணியின் ஆரை 0.3 மில்லிமீற்றர் என்னும் எடுகோளின் மேல் நிற்பது. இயற்கையோ அவ்வெடுகோளுக்குக் கட்டுப்படுவதில்லை. மாரி நீள மணிகள் பருத்து, மெல்லிய பனியையும் தடித்ததாகக் காட்டும். ஈரப்பனி தானே கதிர்வீசிக் கணக்கைக் குலைக்கும், காடு மறைக்கும், ஏறத்தாழ ஒரு மீற்றருக்கு மேல் ஆழம் கூடினும் வேறுபாடு கூடாது. ஆக, ஆறுகளுக்கு நீரூட்டும் ஆழ்பனி மலைகளிலேயே இம்முறை மிகவும் தளர்கின்றது.

2002இல் அக்குவாச் செய்மதியும், 2012இல் யப்பானியச் செய்மதி ஒன்றும் மேலும் நுட்பமான கருவிகளைத் தாங்கிச் சென்றன. ஆயினும் மேற்கூறிய தடைகள் அகலவில்லை. பின்லாந்து ஆய்வாளர் நிலத்து நிலையங்களில் அளந்த ஆழத்தைச் செய்மதி அளவையோடு இணைத்துக் கணிக்கும் முறையை வகுத்தனர். அவர்களும் மலைப்பகுதிகளை விலக்கியே கணித்தனர்.

வானிலிருந்து காண்பது பரப்பைத் தரும். நிலத்தில் நின்று அளப்பது உண்மையை உறுதிசெய்யும். இலத்தீன் ஆசிரியர் மலைமேற் சுமந்த குழாய் இன்றும் பயனற்றுப் போகவில்லை என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.